கிணற்றுக்கு எத்தனை சோழி

1

பக்கத்தில் வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் நெருங்கி வாருங்கள். என் குரல் முன்னைப்போல் எட்டுவதில்லை. எழுத்தும் அப்படித்தான் ஆகிவிட்டது. ஒரு கதை சொல்கிறேன். முடித்துத் தருவேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். சொல்கிறேன் என்பதற்கு மட்டும் நான் ஜவாப்தாரி.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மதுரையில் நான் குடியிருக்கும் வீட்டின் மாடியில், ஆபீஸ் வேலைக்குப் போகிற நாலு பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். கட்டம் கிடையாது, காய் நகர்த்துவது கிடையாது. ஒருவர் கதை சொல்வார். மற்ற மூவரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு ஆளாகப் புகுந்துகொள்வார்கள். சுவர் ஏறுவது, அகழி தாண்டுவது என்று சிரமமான காரியம் ஏதாவது வந்தால், இருபது முகம் உள்ள பகடையை உருட்டி, முடிந்ததா முடியவில்லையா என்று பார்ப்பார்கள்.

போன வருஷம் ஒரு நாள் தட்டில் முறுக்கு எடுத்துக்கொண்டு மேலே போனேன். தடிக் கண்ணாடி போட்ட பெண், "நான் கிணத்துக்குள்ள இறங்குறேன்" என்றாள். கதை சொல்கிறவன் யோசிக்கக்கூட இல்லை. "பழைய கிணறு. கயிறு இருக்கு. எட்டும் அதுக்கு மேலயும் விழுந்தா போதும்" என்றான். பதினாலு விழுந்தது. அவள் இறங்கிவிட்டாள். நாற்காலியில் சம்மணம் போட்டு, டீ குடித்துக்கொண்டே இறங்கிவிட்டாள்.

எட்டு என்று உனக்கு யாரப்பா சொன்னது, என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. முறுக்குத் தட்டை வைத்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே வந்தேன்.

கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கிணற்றுக்கு நானும் எண் சொன்னவள். அந்தப் பையனாவது எட்டு சொன்னான். நான் இரண்டு சொன்னேன்.

2

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் ஒரு மாதம் ஓடிவிட்டது. எழுதி அடித்தவற்றை உங்களுக்கும் காட்டுகிறேன்.

முதல் தொடக்கம்: *1969ஆம் வருஷம் சித்திரை மாதம் பந்தல்குடிக்குக் கிழக்கே ஒரு மைல் தூரத்தில் உள்ள கிராமத்தில் சுமார் முப்பது வயது மதிக்கத்தக்க பெண்—* வேண்டாம். போலீஸ்காரர் எழுதியதுபோல் இருக்கிறது. அவளை எனக்குத் தெரியும். எதற்காக வயதை மதிக்க வேண்டும்?

இரண்டாவது: *அழகுத்தாய் சிரித்துக்கொண்டேதான் கிணற்றுக்குள் இறங்கினாள்.* நிஜம்தான், சிரித்தாள். ஆனால் இந்த நிஜத்தை முதல் வரியில் வைத்தால், அவளாக ஆசைப்பட்டு இறங்கிய மாதிரி ஆகிவிடுகிறது. அடித்தேன்.

மூன்றாவது: *நான் ஒரு தப்புச் செய்தேன்.* இது பரவாயில்லை என்று நாலு பக்கம் எழுதினேன். வாசித்துப் பார்த்தால், நான் அப்போது சின்னப் பெண், நான் பயந்தவள், நான் புதிதாக வாக்கப்பட்டு வந்தவள், நான், நான். நாலு பக்கத்திலும் அழகுத்தாய் ஆறு வரிதான் இருந்தாள்.

அதனால் இப்படிச் செய்கிறேன். அந்தச் சின்னப் பெண்ணைத் தள்ளி நிறுத்தி, சண்முகவடிவு என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். அவள் நான்தான், அதில் ஒளிவு மறைவு இல்லை. ஆனால் தள்ளி நின்றால்தான் அவள் என்ன செய்தாள் என்று எனக்கே தெரியும்.

3

சண்முகவடிவு வாக்கப்பட்டு வந்தது வத்தல் வியாபாரம் செய்கிற வீடு. சுற்றுப்பட்டியில் விளையும் மிளகாய் வத்தலை வாங்கி, காயவைத்து, காம்பு கிள்ளி, சாக்கில் கட்டி லாரியில் விருதுநகருக்கு அனுப்புவார்கள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. கொட்டகைக்குப் பின்னால் கிணறு. கொட்டகையில் ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காம்பு கிள்ளுவார்கள். அவர்கள் கை ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது மருமகளின் வேலை.

வத்தல் நெடி என்றால் சாதாரண நெடி இல்லை. முதல் மூன்று மாதம் சண்முகவடிவு தும்மிக்கொண்டே இருந்தாள். கண்ணைக் கசக்கவும் முடியாது. கசக்கினால் அன்றைக்குப் பூராவும் கண் திறக்காது. தும்மலை மறக்கத்தான் அவள் கதை சொல்ல ஆரம்பித்தாள். ராசா கதை, பேய்க் கதை, அவளாகக் கட்டிய கதை.

கேட்டவர்களில் மாரிக்கனிக்கு வாய் சும்மா இருக்காது. நாற்பது வயது, கனத்த உடம்பு, கொட்டகைக்கே அவள்தான் தலைவி மாதிரி.

"நானா இருந்தா அந்த ராசா மண்டையில உலக்கையப் போட்டுட்டுப் போயிக்கிட்டே இருப்பேன்" என்றாள் ஒரு நாள்.

"சரி, போடு" என்றாள் சண்முகவடிவு. "நீதான் அந்தப் பொம்பள. போடு பாப்போம்."

"போட்டுட்டேன்."

"மண்டையில பட்டுச்சா, குறி தப்பிருச்சா?"

"பட்டுச்சுன்னு வைங்களேன்!"

"அப்பிடி எல்லாரும் வச்சா ஊருல ஒரு ராசா மிஞ்ச மாட்டாக" என்றாள் வட்டத்தில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த அழகுத்தாய், தலை நிமிராமல்.

வீட்டுப் பெண், சண்முகவடிவின் நாத்தனார் சௌந்தரம், உள்ளே ஓடிப்போய்த் தாயம் விளையாடுகிற ஏழு சோழிகளை எடுத்து வந்தாள். விளையாட்டு அன்றைக்குப் பிறந்தது. 1967, ஆவணி மாதம்.

ஏழு பெண்கள் மழையைத் தேடி நடந்து போகிறார்கள் என்பதுதான் கதை. எவனோ ஒருத்தன் மழையைப் பிடித்து எங்கோ கட்டிப்போட்டிருக்கிறான். அவிழ்த்துவிட்டு வர வேண்டும். ஆளுக்கொரு பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். அழகுத்தாய் எடுத்துக்கொண்டவள் பெயர் வீராயி. வழியில் சிரமமான இடம் வந்தால் சண்முகவடிவு ஒரு எண் சொல்வாள். சோழியை உருட்டினால், வாய் மேலே பார்க்க விழுந்தவற்றை எண்ண வேண்டும். சொன்ன எண்ணோ அதற்கு மேலோ விழுந்தால் காரியம் முடிந்தது. குறைந்தால் முடியவில்லை.

எண்ணை ஏன் சண்முகவடிவு சொல்ல வேண்டும்? ஒருவரும் கேட்கவில்லை. கொட்டகை அவள் வீட்டுக் கொட்டகை.

4

அவள் வைத்த எண்கள் எனக்கு இன்னும் மனப்பாடம். முள்வேலி தாண்ட ஒன்று. தலைச்சுமையோடு தூரத்து ஊரான வீரசோழன் வரை நடக்க ஒன்று. படியில்லாத கிணற்றில் இறங்கி ஏற இரண்டு. திருடனை அடித்து விரட்ட நாலு. தன்னந்தனியாக பஸ் ஏறி டவுனுக்குப் போக ஐந்து. அரசன் முகத்துக்கு நேரே நின்று "முடியாது" என்று சொல்ல ஆறு.

(இந்த வரிசையை நிறுத்தி ஒரு தடவை பாருங்கள். எழுதுகிறபோதுதான் நானும் பார்த்தேன். சண்முகவடிவு தான் செய்து பழகாத உடம்பு வேலைக்கெல்லாம் ஒன்று, இரண்டு. அவள் எதற்குப் பயப்படுவாளோ அதற்கெல்லாம் ஐந்து, ஆறு.)

"தலைச்சுமையோட வீரசோழனுக்கு ஒரு சோழியா!" என்றாள் மாரிக்கனி. "சின்னம்மா, ஒரு மரக்கா கம்பத் தலையில வச்சிக்கிட்டு இந்தக் கொட்டகைய மட்டும் ஒரு சுத்துச் சுத்தி வாங்க. அப்பொறம் எண்ணு சொல்லுங்க."

"சுத்துனா கழுத்து சுளுக்கிக்கிரும் அவுகளுக்கு" என்றது இன்னொரு குரல். கொட்டகையே சிரித்தது. சண்முகவடிவும் சிரித்தாள்.

"அதென்ன, ராசாகிட்டப் பேச ஆறு? நான் கூலி கூட்டிக் குடுங்கன்னு பெரிய மொதலாளிகிட்ட நேருக்கு நேரா நின்னு பேசலையா?"

"பேசுன. குடுத்தாகளா?"

"குடுக்கல. ஆனா பேசுனேன்ல?"

அழகுத்தாய்க்கு இந்தக் கூச்சலில் பங்கு கிடையாது. காம்பு கிள்ளுவதில் அவள் கை மற்றவர்கள் கையைவிட ஒரு பங்கு வேகம். மழை பொய்த்துப்போன இரண்டாம் வருஷம் வந்ததும், வீட்டுக் கிணற்றில் இறங்குகிற வேலையும் அவளிடம் வந்து சேர்ந்தது. கிணறு எட்டு ஆள் ஆழம். அடியில் பாறை. பாறை இடுக்கில் ஊற்று கசியும். விடியற்காலையில் கயிற்றைப் பிடித்து, கல் இடுக்கில் கால் வைத்து இறங்கி, தேங்காய்ச் சிரட்டையால் கோரிக் கோரி வாளியை நிரப்புவாள். மேலே நிற்கிறவர்கள் இழுப்பார்கள். அவள் வீட்டுக்கு இரண்டு குடம் போக, மீதி இந்த வீட்டுக்கு.

அவள்தான் ஒரு நாள் கேட்டாள்.

"கெணத்துக்கு ரெண்டுன்னு வச்சிருக்கீகளே சின்னம்மா. அது எந்தக் கெணத்துக்கு?"

"கதையில வர்ற கெணத்துக்கு."

"அது சரி. வீராயி எறங்குறது விடியக்காலமா, மத்தியானமா?"

"எப்பன்னா என்ன?"

"மத்தியானம்னா கல்லு சுடும்ல. ரெண்டுங்குறது எறங்குறதுக்கா, ஏறுறதுக்கா?"

"ரெண்டும் சேத்துத்தான் அழகுத்தாயி."

"சேக்கக் கூடாது. எறங்குறது வேற, ஏறுறது வேற. எறங்கையில கை காஞ்சு இருக்கும். ஏறையில கையும் ஈரம், கயிறும் ஈரம், சேலத் தண்ணி கால்ல ஒழுகும். முக்காவாசி ஏறுனப்பறம்தான் கையி விட்டுரவா விட்டுரவான்னு கேக்கும். வீராயி அன்னைக்குச் சாப்பிட்டாளா?"

"ஏடி, வீராயிக்குச் சோறு வடிச்சுக் குடுத்துட்டு வா, போ" என்றாள் மாரிக்கனி.

"சாப்புடலைன்னா அதுக்கு வேற எண்ணு, மதினி. கெணத்துக்குன்னு ஒத்த எண்ணு கெடையாது. எறங்குற ஆளுக்கும் அன்னைக்கு நாளுக்கும் தக்கனதான் எண்ணு. அந்த ஆளத்தான் கேட்டு வைக்கணும்."

சண்முகவடிவுக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது. "இப்பிடி ஒவ்வொண்ணுக்கும் விசாரிச்சுக்கிட்டு இருந்தா கதை என்னைக்கு மழைகிட்டப் போய்ச் சேரும்? ரெண்டுன்னா ரெண்டு. உருட்டு."

அழகுத்தாய் உருட்டினாள். ஐந்து விழுந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

அதற்கப்புறம் வீராயி எத்தனையோ கிணறு இறங்கினாள். ஒரு தடவைகூடத் தவறவில்லை. மாரிக்கனி அதைப் பிடித்துக்கொண்டாள். விடியற்காலையில் அழகுத்தாய் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நிஜக் கிணற்றுக்குப் போகும்போது, "ஏடி, ரெண்டு சோழி போகுதுடி!" என்று குரல் கொடுப்பாள். கொஞ்ச நாளில் எல்லாரும் அப்படியே கூப்பிட்டார்கள். "ரெண்டு சோழி வந்தாச்சா?" என்பார்கள்.

பட்டப்பெயர் வைத்துவிட்டால் அந்த ஆளைப் பார்க்கிற வேலை மிச்சம்—

(இந்த வாக்கியத்தைப் பாதியில் விடுகிறேன். புத்திமதி சொல்கிற குரல் வந்துவிட்டது. இந்த விஷயத்தில் புத்திமதி சொல்ல நான் ஆள் இல்லை.)

5

மாடி வீட்டுக் கண்ணாடிப் பெண்ணிடம் பின்னால் ஒரு நாள் கேட்டேன், பெயர் ஊர் எதுவும் சொல்லாமல். "ஏழு சோழியில் இரண்டும் அதற்கு மேலும் விழாமல் போவது எத்தனை தடவைக்கு ஒரு தடவை?" அவள் ஒரு தாளில் கிறுக்கிப் பார்த்துவிட்டு, "பதினாறு தடவைக்கு ஒரு தடவை, ஆச்சி"* என்றாள். "ஆறும் அதுக்கு மேலயும் விழணும்னா?" "அதுவும் அதே கணக்கு, தலைகீழா. பதினாறுக்கு ஒரு தடவைதான் விழும்."

அதாவது சண்முகவடிவின் கதையில் பதினாறு பெண்கள் கிணற்றில் இறங்கினால் பதினைந்து பேர் ஏறி வந்துவிடுவார்கள். பதினாறு பெண்கள் அரசனிடம் முடியாது என்று சொல்லப்போனால் பதினைந்து பேர் வாய் திறக்காமல் திரும்பி வந்துவிடுவார்கள்.

அழகுத்தாய் நாள் தவறாமல் இறங்கினாள். பதினாறு நாளுக்கு ஒரு தடவை அவள் விழுந்திருக்க வேண்டும். ஒன்றரை வருஷம் விழவில்லை. அப்படியென்றால் அவளுக்கு இரண்டுகூட அதிகம், ஒன்றுகூட அதிகம். ஆனால் ஒரே ஒரு நாளைக்கு ஏழு வைத்தாலும் போதாது. அந்த நாள் எது என்று சோழிக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருந்தது. சொல்லவும் சொன்னாள்.

* (சோழி இரண்டு பக்கமும் ஒரே கனமாக இருந்தால்தான் இந்தக் கணக்கு என்றும் அந்தப் பெண் சொன்னாள். எங்கள் சோழிகளில் ஒன்றுக்கு முதுகு உடைந்திருந்தது. அதை இப்போது சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.)

6

இனி அந்த நாள். சௌந்தரத்தைப் பெண் பார்க்க அருப்புக்கோட்டையிலிருந்து நாலு மணிக்கு ஆள் வருகிறார்கள். பலகாரம் சுட்டதில் வீட்டில் இருந்த தண்ணீர் தீர்ந்துவிட்டது. விடியற்காலையில் அழகுத்தாய் வரவில்லை. பகல் ஒரு மணிக்கு வந்தாள்.

இந்த இடத்தை மூன்று விதமாக எழுதினேன்.

முதல் விதம்: *அழகுத்தாய் வலது கையை முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தாள். சண்முகவடிவுக்கு ஒன்றும் தெரியவில்லை.* இது பொய். அடித்துவிட்டேன். ஆனால் நீங்கள் வாசிக்கும்படியே விட்டிருக்கிறேன், இப்படி எழுதவும் எனக்கு மனசு வந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்வதற்காக.

இரண்டாவது விதம்: *அடுக்களையிலிருந்து மாமியார், "அவள இறங்கச் சொல்லு!" என்று சத்தம் போட்டார்.* இதுவும் பொய். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. செத்துப்போனவர் வந்து மறுக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதினேன்.

மூன்றாவது விதம் நடந்தது.

அழகுத்தாயின் வலது கைப் பெருவிரலில் எலுமிச்சம்பழம் செருகியிருந்தது. நகச்சுத்திக்கு அப்படித்தான் செருகுவார்கள். பழம் மஞ்சளாக, பெரிசாக, தூரத்திலிருந்தே தெரிந்தது. விரலை ஆகாசம் பார்க்கப் பிடித்துக்கொண்டு கொட்டகை ஓரத்தில் நின்றாள்.

"இன்னைக்கு முடியாது சின்னம்மா. ரெண்டு நாளாத் தூக்கம் இல்ல, விண்ணு விண்ணுங்குது. சொல்லிட்டுப் போவம்னு வந்தேன். சாயந்தரம் அவுக காட்டுலருந்து வரவும் எறங்கச் சொல்லுதேன்."

'அவுக' என்றது அவள் புருஷன் பால்ச்சாமியை.

"நாலு மணிக்கு வந்துருவாகளே" என்றாள் சண்முகவடிவு.

"தெரியும் சின்னம்மா. என்ன செய்ய?"

அடுக்களையிலிருந்து மாமியார் கேட்டார்: "தண்ணி வந்துச்சா?" அவ்வளவுதான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

கொட்டகையிலிருந்து அடுக்களை வாசலுக்குப் பத்து எட்டு நடை இருக்கும். போய் நின்று, "அத்தை, அழகுத்தாய்க்குக் கை சரியில்ல. தண்ணி சாயந்தரம்தான். பக்கத்து வீட்டுல ரெண்டு குடம் கேட்டு வாங்குவோமா?" என்று சொல்ல வேண்டும். சொல்லியிருந்தால் மாமியார் முகம் சுளித்திருப்பார். ஒருவேளை, இன்றைக்குப் பார்த்துத்தானா என்று கேட்டிருப்பார். அதற்கு மேல் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் வாக்கப்பட்டு இரண்டு வருஷத்தில் சண்முகவடிவு அந்த வாசலில் நின்று "இல்லை" என்ற வார்த்தையைச் சொன்னதே கிடையாது.

அவள் அடுக்களையைப் பார்த்தாள். எலுமிச்சம்பழத்தைப் பார்த்தாள். பிறகு கொட்டகைப் பக்கம் திரும்பி, எல்லார் காதிலும் விழும்படி, சிரித்த முகமாகச் சொன்னாள்:

"என்ன அழகுத்தாயி, ரெண்டு சோழிதான!"

கொட்டகை சிரித்தது. மாரிக்கனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ரெண்டு சோழிக்கு வந்த பவுசப் பாருங்கடி, எலுமிச்சங்காய்க் கிரீடம் வேற!" என்றாள்.

அழகுத்தாயும் சிரித்தாள். ஏழு பேர் சிரிக்கிற இடத்தில் ஒருத்தி மட்டும் சிரிக்காமல் நிற்க முடியாது. "நீங்க வச்ச எண்ணு. நீங்களே சொல்லுதீக" என்றாள். விரலிலிருந்து பழத்தைக் கழற்றினாள். கழற்றும்போது கண்ணை இறுக்கி மூடினாள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தாள்.

மேலே ஒன்பது வாளி வந்தது. ஒன்பதாவது வாளியை மாரிக்கனி தவலையில் ஊற்ற, தவலையைத் தூக்கிக்கொண்டு சண்முகவடிவு அடுக்களைக்குள் போனாள். அதே பத்து எட்டு. வாசலில் நின்று, "அத்தை, தண்ணி வந்துருச்சு" என்றாள். சந்தோஷமாகவே சொன்னாள். தவலையை இறக்கி வைக்கக் குனிந்தபோது கிணற்றுப் பக்கமிருந்து வந்த சத்தம்—

இந்த வாக்கியத்தைப் பதினோரு தடவை எழுதிப் பார்த்தாயிற்று. எதைப் போல இருந்தது என்று எழுத வேண்டும். எதைப் போலவும் எழுத எனக்கு விருப்பமில்லை.

காட்டிலிருந்து பால்ச்சாமியை ஓட்டமாக ஓடிப்போய்க் கூட்டிவந்தார்கள். கட்டிலின் நாலு காலிலும் கயிறு கட்டி உள்ளே விட்டு அவளை மேலே கொண்டு வந்தார்கள். நினைவு இருந்தது. இடது தொடை எலும்பு முறிந்திருந்தது. பந்தல்குடி ரோட்டில் வத்தல் லோடு ஏற்றிக்கொண்டு நின்ற லாரியில், சாக்கு மூட்டைமேல் படுக்கவைத்து அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். மூட்டை நெடிக்கு அவள் தும்மிக்கொண்டே போனதாகவும், ஒவ்வொரு தும்மலுக்கும் அலறியதாகவும் பால்ச்சாமி பின்னால் சொன்னார். எங்களைக் குற்றம் சொல்வதற்காக அவர் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

நாலு மணிக்கு வரவேண்டியவர்கள் வந்தார்கள். அந்தத் தண்ணீரில் கால் கழுவினார்கள். அந்தத் தண்ணீரில் போட்ட காப்பியைக் குடித்தார்கள். சௌந்தரத்தைப் பிடித்துப்போய் அன்றைக்கே பூ வைத்துவிட்டுப் போனார்கள்.

7

அழகுத்தாய் கொட்டகைக்குத் திரும்பி வர ஒன்பது மாதம் ஆனது. எலும்பு கூடியிருந்தது; நேராகக் கூடவில்லை. இடது கால் குட்டையாகிவிட்டது. களையெடுக்கப் போக முடியாது, கதிர் அறுக்கப் போக முடியாது. உட்கார்ந்து செய்கிற வேலை என்றால் அந்த ஊரில் காம்பு கிள்ளுவது ஒன்றுதான். அதுவும் எங்கள் கொட்டகையில்தான்.

காலை நீட்டிவைத்து உட்கார்ந்தாள். எல்லாரும் தலையைக் குனிந்து காம்பு கிள்ளினார்கள். கடைசியில் மாரிக்கனிதான், அழுகிற குரலில், "கதையச் சொல்லுங்களேன் சின்னம்மா. அந்த மழை இன்னும் கட்டுல கெடக்கு" என்றாள்.

சண்முகவடிவு ஆரம்பித்தாள். நாக்கு எப்படிப் போனதோ, நாலு வாக்கியத்துக்குள் ஒரு கிணறு வந்துவிட்டது. வீராயி கிணற்றடியில் நிற்கிறாள். எல்லாரும் சண்முகவடிவைப் பார்த்தார்கள்.

"ஏழு" என்றாள் சண்முகவடிவு.

அழகுத்தாய் சோழிகளைக் கையில் அள்ளினாள். உருட்டவில்லை.

"என் கால வச்சு எண்ண மாத்தாதீக சின்னம்மா" என்றாள். "அன்னைக்கு முடியாதுன்னு ஒரு வார்த்த சொன்னேன்ல. அதுக்கு எத்தன சோழி வச்சிருந்தீக?"

இதை எழுதி முடித்ததும் எனக்கு மனசு லேசானது. கதை என்றால் இப்படி ஒரு இடம் வர வேண்டும் என்று எனக்கே ஒரு திருப்தி. திரும்பத் திரும்ப வாசித்தேன். பத்தாவது தடவை வாசிக்கும்போது சந்தேகம் வந்தது. இப்படி அவள் சொன்னாளா?

சொல்லவில்லை. இத்தனை வருஷமாக என் காதில் அவள் குரலில் ஓடிக்கொண்டிருக்கிற வாக்கியம் இது. ஓடி ஓடி நிஜம் மாதிரி ஆகிவிட்டது. அவள் ஒரு வார்த்தை என்னைத் திட்டியிருந்தால் நான் பதிலுக்கு அழுதிருக்கலாம், மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அந்த வழியை நானே கட்டி, அவள் வாயில் வைத்திருக்கிறேன்.

நடந்தது இது. நான் ஏழு என்றேன். அவள் சோழியை அள்ளி, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து, பக்கத்தில் இருந்த மாரிக்கனியிடம் கொடுத்துவிட்டாள். "நீங்க உருட்டுங்க மதினி. வீராயிய நீங்க எடுத்துக்கங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அந்தச் சொளகைக் கொஞ்சம் இப்பிடித் தள்ளுங்க சின்னம்மா" என்றாள். வத்தல் இருந்த அந்த முறத்தை அவள் பக்கம் தள்ளினேன். அவள் காம்பு கிள்ளினாள். கை பழைய வேகத்துக்கே ஓடியது.

(சண்முகவடிவு என்று எழுத வேண்டிய இடத்தில் 'நான்' வந்துவிட்டது. திருத்தாமல் விடுகிறேன்.)

மாரிக்கனியும் உருட்டவில்லை. விளையாட்டு அன்றோடு நின்றது. மழை இன்னும் கட்டிப்போட்டபடியே கிடக்கிறது.

8

முடிவுக்கு வந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். முடிவு என்னிடம் இல்லை. எழுதி வைத்தவை சில இருக்கின்றன.

ஒன்றில், சண்முகவடிவு அடுத்த நாளே அழகுத்தாய் வீட்டுக்குப் போய் அவள் காலடியில் உட்கார்ந்து அழுகிறாள். அழகுத்தாய் அவள் தலையைத் தடவிக்கொடுக்கிறாள். வாசிக்க இனிமையாக இருக்கிறது. கால் உடைந்தவளையே ஆறுதல் சொல்லவும் வைத்துவிட்டேனே என்று கிழித்துவிட்டேன்.

இன்னொன்றில், அன்றைக்கு மத்தியானமே சண்முகவடிவு அடுக்களை வாசலுக்குப் போய் "தண்ணி சாயந்தரம்தான் அத்தை" என்று சொல்கிறாள். மாமியார், "அதுக்கென்ன, பக்கத்துல வாங்கிக்கிருவோம்" என்கிறார். கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. இந்தத் தாளை மட்டும் கிழிக்க முடியவில்லை. பெட்டியில் இருக்கிறது.

நடந்தது என்று நான் கையடித்துச் சொல்லக்கூடியது இன்னும் ஒன்றுதான். 1977, திருச்சுழி பஸ் ஸ்டாண்டு. வீரசோழன் பஸ் கிளம்ப நின்றது. சன்னல் ஓரத்தில் அழகுத்தாய். மகளை வீரசோழனில் கட்டிக்கொடுத்து அங்கேயே போய்விட்டாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். தலை பாதி நரைத்திருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் இருக்கும். நான் ஏழெட்டு அடி தள்ளி நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. வாக்கியமே தயாராக இருந்தது. டிரைவர் வந்தார். பஸ் போய்விட்டது.

அதனால் இந்தக் கதையின் முடிவை உங்களிடம் விடுகிறேன். அந்தப் பஸ் நிற்கும் பத்து நிமிஷத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சன்னலடிக்குப் போய் நில்லுங்கள். என்ன சொல்வீர்களோ சொல்லுங்கள். அவள் என்ன பதில் சொல்வாள் என்று மட்டும் நீங்களாக எழுதிவிடாதீர்கள். நான் அதைச் செய்துபார்த்துவிட்டேன். பதில் வராவிட்டால் வராததையே எழுதுங்கள்.

இவ்வளவு நேரம் நெருங்கி உட்கார்ந்து கேட்டீர்களே, என் கண்ணுகளா, நன்றாக இருங்கள். உங்கள் வீட்டில் எல்லாருடைய கையும் காலும் சுகமாக இருக்கட்டும். உங்கள் வீட்டாரோ, உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிறவர்களோ, யாராவது ஒருத்தர் "இன்னைக்கு முடியாது" என்று சொன்னால், ஏன் எதற்கு என்று கேட்காமல் நம்புகிற ஆள் ஒருத்தராவது உங்கள் வீட்டில் எப்போதும் இருக்கட்டும்.